புளூகிராஸ்: துயரத்தை வேகமாகப் பாடும் இசை

புளூகிராஸ் இசைக்கு வயது ஏறக்குறைய எண்பதுதான் ஆகிறது. முதன்முறை கேட்பவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. ஃபிடிலின் கரகரப்பும், மூக்கு வழியே எழும் உச்சக்குரலும், பாட்டில் வரும் தாய் வீடும் மலைச்சரிவும் கல்லறையும் சேர்ந்து, இது பல தலைமுறைகளாக வாய்வழி வந்த கிராமத்துப் பாட்டு என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் தென்கிழக்கே நீளும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அப்படிப்பட்ட பழம்பாட்டு உண்டு. புளூகிராஸ் அதன் மடியில் பிறந்ததும் உண்மை. ஆனால் இன்று அந்தப் பெயரால் அறியப்படும் வடிவம், 1945ஆம் ஆண்டின் கடைசியில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்து வானொலி மேடையில்தான் உருப்பெற்றது. உருவாக்கியவர்களின் பெயர் தெரியும். முதல் இசைத்தட்டுகள் பதிவான மாதம் தெரியும். பழமையின் சாயலோடு, தொழில்முறைக் கலைஞர்கள் யோசித்துச் செய்த புதிய இசை அது.

அதற்கு வாத்தியங்கள் ஐந்து. மேண்டலின், ஐந்து தந்தி பேஞ்சோ, ஃபிடில் என்று அங்கே அழைக்கப்படும் வயலின், கிதார், ஆளுயர டபுள் பேஸ். சில குழுக்களில் ஆறாவதாக டோப்ரோ என்ற கிதாரும் உண்டு. எல்லாம் மரமும் தந்தியும் தோலும்தான். மின் கிதாருக்கு இடமில்லை, மேளத்துக்கும் இடமில்லை.

மேளம் இல்லாமலே கேட்பவரின் கால் தன்னால் தாளம் போடுவதற்குக் காரணம், தாளத்தை வாத்தியங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதுதான். நான்கு எண்ணிக்கையில் முதலாவதும் மூன்றாவதும் பேஸின் பொறுப்பு. இரண்டாவதும் நான்காவதும் மேண்டலினுடையவை. மேண்டலின் வாசிப்பவர் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அடித்த மறுகணமே இடதுகை விரல்களைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடுவார். ‘சக்’ என்று ஒரு வெட்டு மட்டும் மிஞ்சும். கிதார் இரண்டுக்கும் நடுவே புகுந்து இடைவெளியை நிரப்பும். இந்த மூன்றும் சரியாகப் பொருந்திவிட்டால் மேலே பேஞ்சோவும் ஃபிடிலும் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாட்டு தடுமாறாது. பொருந்தாவிட்டால் எத்தனை திறமைசாலி வந்தாலும் காப்பாற்ற முடியாது. புளூகிராஸ் குழுவை எடைபோடும் பழைய ரசிகர்கள் தனி வாசிப்பைக் கேட்பதற்கு முன் இந்த வெட்டு எங்கே விழுகிறது என்றுதான் கவனிப்பார்கள். அது நியாயமான அளவுகோல்.

இந்த இசையின் மூலவர் பில் மன்றோ. 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தின் ரோசீன் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பிறவியிலேயே பார்வைக் குறைவு. ஒரு கண் உள்ளே திரும்பியிருந்தது. பிறர் கேலிக்கு அஞ்சி ஒதுங்கிய சிறுவன் காதால் உலகை அறிந்தான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் அண்ணன்மார் ஃபிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொண்டதால் கடைசித் தம்பிக்குக் கிடைத்தது மேண்டலின். அதிலும் சத்தம் அதிகம் வரக்கூடாதென்று எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிடச் செய்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட கருவியைப் பிற்காலத்தில் ஒரு குழுவின் தலைமை வாத்தியமாக அவர் உயர்த்தினார்.

பத்து வயதில் தாயும் பதினாறு வயதில் தந்தையும் இறந்துபோக, தாய்மாமன் பென்டில்டன் வான்டிவரின் சிறு வீட்டில் மன்றோ தங்கினார். மாமன் ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசிப்பவர். மருமகன் கூடவே போய்ப் பக்கவாத்தியம் வாசிப்பான். ஃபிடில் மெட்டுகளின் நுணுக்கம் அங்கே கிடைத்தது. அதே வட்டாரத்தில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உழைத்துக்கொண்டே கிதாரும் ஃபிடிலும் வாசித்தவர். நடனங்களில் அவரோடும் மன்றோ வாசித்தார்; புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் துயர இசை அவர் வழியாகவே சிறுவனின் காதில் ஏறியது. ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவருடைய வாசிப்பு ஒன்றுகூட ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க இசை வரலாற்றின் பெரிய இழப்புகளில் இது ஒன்று.

பிழைப்புத் தேடி மன்றோ சகோதரர்கள் வடக்கே இண்டியானாவுக்குப் போனார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் தூக்கும் வேலை. பகலில் ஆலை, இரவில் பாட்டு. அண்ணன் சார்லியும் பில்லும் 1930களின் நடுவில் ‘மன்றோ பிரதர்ஸ்’ என்று பேர் வாங்கினார்கள். 1938இல் பிரிந்தார்கள். பில் தனியாக அமைத்த குழுவுக்குத் தன் மாநிலத்தின் செல்லப்பெயரை வைத்து ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயரிட்டார். 1939 அக்டோபரில் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி சனிக்கிழமை தோறும் நடத்திவந்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. பல மாநிலங்களில் கேட்ட ஒலிபரப்பு அது. சுரங்கத் தொழிலாளிகளும் புகையிலை விவசாயிகளும் வாரம் முழுவதும் காத்திருந்து கேட்ட நிகழ்ச்சி. ஆயினும் அப்போதைய மன்றோ இசையை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் புளூகிராஸ் என்று ஒப்புக்கொள்வதில்லை. வேகம் இருந்தது, உச்சக்குரல் இருந்தது. ஒன்று மட்டும் குறைந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். வட கரோலினாவின் பருத்தி விளையும் பகுதியில் 1924இல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். போர்க்காலத்தில் நூல் ஆலையில் வேலை பார்த்தவர். 1945 டிசம்பரில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆப்ரி மேடையில் அவர் பேஞ்சோவைத் தொட்டதும் அரங்கம் ஆர்ப்பரித்தது என்பது அன்றைய சாட்சிகள் பலர் சொல்லும் செய்தி.

அவர் செய்தது என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை பேஞ்சோவை விரல் நகத்தால் கீழ்நோக்கித் தட்டியோ இரண்டு விரலால் மீட்டியோதான் பெரும்பாலும் வாசித்தார்கள். மேடையில் அது நகைச்சுவைக்காரர்களின் கருவியாகவும் இருந்தது. ஸ்க்ரக்ஸின் ஊர்ப்பக்கத்தில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருந்தது. அதை அவர் முறைப்படுத்தினார். விரல்களில் கவ்விகள் மாட்டிக்கொண்டு, ஒரே விரலோ ஒரே தந்தியோ பெரும்பாலும் அடுத்தடுத்து வராதபடி மாற்றி மாற்றி மீட்டுவது அந்த முறை. தாளம் எட்டு எட்டாக ஓடும். ஆனால் அழுத்தம் மூன்று, மூன்று, இரண்டு என்று விழும். ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பார்த்தால் அந்தச் சுழற்சி பிடிபட்டுவிடும். நான்கின் கட்டுக்குள் மூன்று ஓடுவதால் வரும் இழுபறிதான் பேஞ்சோவுக்கு அந்த உருளும் ஓட்டத்தைத் தருகிறது. குட்டையான ஐந்தாம் தந்தி எப்போதும் ஒரே சுருதியில் இடையிடையே மின்னிக்கொண்டிருக்கும். வேகமான உருப்படிகளில் நொடிக்குப் பத்து ஸ்வரம் அளவுக்குப் போகும். இருந்தும் மெட்டு ஒவ்வொரு ஸ்வரமாகத் தெளிந்து கேட்கும். பின்னால் வந்தவர்களில் ஸ்க்ரக்ஸை விட வேகமாக வாசித்தவர்கள் பலர் உண்டு. அவரைப் போல மெட்டைத் துலக்கமாக நிறுத்தியவர்கள் குறைவு.

மன்றோ மேண்டலின், ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ, லெஸ்டர் ஃபிளாட் கிதாரும் பாட்டும், சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பேஸ். இந்த ஐவரும் கொலம்பியா நிறுவனத்துக்காக 1946 செப்டம்பரிலும் 1947 அக்டோபரிலும் சிகாகோவில் பதிவு செய்த பாட்டுகளே புளூகிராஸின் இலக்கணம். மன்றோ எழுதி 1946இல் பதிவான ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ அவற்றில் ஒன்று. மூன்று எண்ணிக்கையில் மெல்ல அசையும் அந்தப் பாட்டை 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் துள்ளலாக மாற்றிப் பாடினார். மன்றோ கோபப்படவில்லை. அதே ஆண்டில் தாமும் அதை மறுபடி பதிவு செய்தார். பாதிவரை பழைய நடை, பாதிக்குமேல் புது நடை.

புளூகிராஸைப் பிடித்தவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப்பேர் பேஞ்சோ என்பார்கள். மீதிப்பேர் குரல் என்பார்கள். இவர்கள் சொல்வதே சரி. வாத்தியத் திறமை வேறு பல இசைகளிலும் கிடைக்கும். இந்தக் குரலுக்கு மாற்று கிடையாது. ஆண்கள் தங்கள் இயல்பான எல்லைக்கு மேலே, தொண்டை இறுகும் இடத்தில் நின்று பாடுவது இந்த மரபு. முதன்மைக் குரல் மெட்டைப் பாட, அதற்கு மேலே டெனர் குரல் ஏறி நிற்கும். கீழே பாரிடோன் தாங்கும். நடுங்கல் இல்லை, குழைவு இல்லை. மூன்று குரலும் கத்திமுனை போல ஒன்றாக வந்து விழும். அமெரிக்காவில் இந்த ஒலியை ‘உயரமும் தனிமையும்’ கலந்தது என்று வர்ணிப்பார்கள். மலைத் தேவாலயங்களில் வாத்தியமே இல்லாமல் பாடிய சபையாரிடமிருந்து வந்த குரல் அது. வர்ஜீனியா மலைகளில் பிறந்த ரால்ஃப் ஸ்டேன்லியிடம் அது மிகத் தூய்மையாகக் கேட்கும்.

இந்தக் குரலுக்கு உடல் விலை கொடுக்க வேண்டியிருந்ததும் உண்டு. கிதார் வாசிப்பில் தமக்கு நிகரில்லாத டோனி ரைஸ் இயல்பில் கீழ்க்குரல்காரர். மரபு கேட்கும் உயரத்துக்குப் பல ஆண்டுகள் குரலை வலிந்து ஏற்றினார். 1994க்குப் பிறகு அவரால் மேடையில் பாட முடியாமல் போயிற்று. 2020இல் இறக்கும்வரை பாட்டுக் குரல் திரும்பவில்லை.

பாடுபொருள் பெரும்பாலும் துக்கம். இறந்துபோன தாய், விட்டுவந்த வீடு, ஆற்றங்கரையில் காதலியைக் கொன்றவன், சிறைக்கம்பிக்குள் எண்ணும் நாட்கள், சுரங்கம் சரிந்து மாண்டவர்கள், கைவிடாத தேவன். இவற்றையெல்லாம் ஒப்பாரிக்குரிய விளம்பத்தில் பாடாமல் ஆட்டத்துக்குரிய துரிதத்தில் பாடுவதுதான் புளூகிராஸின் விசித்திரம். கேட்பவருக்கு முதலில் குழப்பமாக இருக்கும். பாட்டில் ஒருவன் சாகிறான், பேஞ்சோ துள்ளுகிறது. பழகப் பழகத்தான் அதன் நியாயம் தெரியவரும். உட்கார்ந்து அழ நேரமில்லாதவர்களின் இசை அது. காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள், துக்கத்தைச் சுமந்துகொண்டே நடந்தவர்கள் பாடியது.

அந்த மக்கள் யார் என்று தெரிந்தால் பாட்டு இன்னும் திறக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அப்பலாச்சிய மலைகளிலிருந்து லட்சக்கணக்கானோர் வடக்கத்தித் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். டெட்ராய்ட்டின் கார் ஆலைகள், ஓஹையோவின் டேட்டனும் சின்சினாட்டியும், பால்டிமோரின் எஃகு ஆலை. சனிக்கிழமை இரவுகளில் அந்நகரங்களின் மதுக்கடைகளில்தான் புளூகிராஸ் வளர்ந்தது. பாட்டில் வரும் மலைவீடு, மலையில் இருந்துகொண்டு பாடிய வீடு அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல் ஓரத்தில் நினைத்துப் பார்த்த வீடு. பிழைக்கப் போன இடத்தில் பிறந்த ஊரைப் பாடும் எவருக்கும் இது விளங்கும். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் குடும்பத்தில் பிறந்து பால்டிமோருக்கு ஆலை வேலைக்கு வந்த ஹேசல் டிக்கன்ஸ் இந்த அனுபவத்தின் கூரிய குரல். பெரும்பாலும் ஆண்களே தலைமை தாங்கிய இசையில் பாடகி ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு பெண்களுக்கு வழி திறந்தது. நிலக்கரித் தூசி தரும் நுரையீரல் நோயால் இறந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக அவர் எழுதிய பாட்டுகளில் அலங்காரம் ஏதும் கிடையாது; கோபம் நேராக வந்து நிற்கும்.

மன்றோவின் ஒலி ஒரு தனிமனிதரின் பாணியாகவே முடிந்துபோயிருக்கலாம். அதை ஒரு மரபாக்கியவர்கள் அவரைப் பார்த்து வாசித்தவர்கள். ரால்ஃப், கார்ட்டர் என்ற ஸ்டேன்லி சகோதரர்கள், மன்றோவின் குழு பாடிவந்த குதிரைப் பந்தயப் பாட்டு ஒன்றை, அவருடைய தட்டு கடைக்கு வருமுன்பே 1948இல் பதிவு செய்து வெளியிட்டார்கள். மன்றோ பதிவு செய்துவந்த கொலம்பியா நிறுவனம் அவர்களையும் சேர்த்துக்கொண்டதும் அவர் மனம் கசந்து அங்கிருந்தே விலகினார். 1948இன் தொடக்கத்தில் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்துபோய்த் தனிக்குழு அமைத்ததை அவர் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. 1971இல் இண்டியானாவின் பீன் பிளாசத்தில் மன்றோ நடத்திய விழாவுக்கு ஃபிளாட் வந்தபோதுதான் இருவரும் கைகுலுக்கினார்கள். தன் ஒலியைப் பிறர் எடுத்துக்கொள்வது ஒரு கலைஞனின் பார்வையில் களவு. வரலாற்றின் பார்வையில் அந்தக் களவு இல்லாவிட்டால் புளூகிராஸ் என்றொரு இசைவகையே கிடையாது.

பொதுமக்களிடம் அதைக் கொண்டுபோனது திரைதான். 1962இல் தொடங்கிய ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டுக்கு ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் இசைத்தார்கள். அவர்கள் 1949இல் பதிவு செய்த ‘ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்’ 1967இல் ‘பானி அண்ட் கிளைட்’ படத்தின் கார் துரத்தல்களில் ஒலித்தது. 1972இல் ‘டெலிவரன்ஸ்’ படத்தில் வந்த பேஞ்சோ–கிதார் போட்டி உலகமெல்லாம் கேட்டது. புகழ் வந்தது, கூடவே ஒரு தீங்கும் வந்தது. படிப்பறிவற்ற மலைவாசி, கொள்ளைக்காரன், அபாயமான காட்டுமனிதன் என்ற பிம்பங்களோடு பேஞ்சோ ஒலி ஒட்டிக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் அந்த ஒலி கேட்டதும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கைத்திறனில் மேற்கத்திய செவ்வியல் கச்சேரிக்குச் சற்றும் குறையாத ஒரு கலைக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இது. 2000ஆம் ஆண்டில் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படம் ஓரளவு பரிகாரம் செய்தது. அதன் பாட்டுத் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் விற்று, 2002இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதில் எந்த வாத்தியமும் இல்லாமல் மரணத்தை நோக்கிப் பாடிய ரால்ஃப் ஸ்டேன்லிக்கும் அதே இரவில் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 75.

மேடையை விட்டு இறங்கிப் பார்த்தால்தான் புளூகிராஸின் இன்னொரு முகம் தெரியும். 1965இல் நிகழ்ச்சி அமைப்பாளர் கார்ல்டன் ஹேனி வர்ஜீனியாவின் ஃபின்காசிலில் ஒரு குதிரைப்பண்ணையில் பல நாள் விழா நடத்தினார். அதைப் பின்பற்றி நாடெங்கும் விழாக்கள் பெருகின. அங்கே மேடைக் கச்சேரி பாதிதான். மீதி, வண்டி நிறுத்துமிடத்தில். கூடாரத்துக்கு வெளியே நாலைந்து பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், அவரே தொடங்குவார். ஒரு சரணம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் ஒரு சுற்று தனி வாசித்துவிட்டு அடுத்தவருக்குத் தருவார். வாசிக்க விருப்பமில்லாதவர் லேசாகத் தலையாட்டினால் போதும், முறை அவரைத் தாண்டிப் போய்விடும். முடிவு நெருங்கும்போது ஆரம்பித்தவர் ஒரு காலைத் தூக்குவார். எல்லோரும் ஒன்றாக நிறுத்துவார்கள். வழக்கறிஞரும் லாரி ஓட்டுநரும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே வட்டத்தில் நிற்கலாம். எல்லோருக்கும் பொதுவாக நூற்றுக்கணக்கான பாட்டுகள் தெரியும் என்பதால் ஒத்திகை வேண்டியதில்லை. ஒருவர் பாடும்போதோ தனி வாசிக்கும்போதோ மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஒற்றை ஒலிவாங்கி முன் வாசிக்கும் பழைய மேடைப் பழக்கத்திலும் இதே ஒழுக்கம்தான். யார் முறையோ அவர் முன்னால் வருவார், முடிந்ததும் விலகி வழிவிடுவார்.

இந்த இசையைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குறைகளும் கேட்கத் தக்கவை. எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்பது முதல் குறை. மூன்று நான்கு அடிப்படைச் சுரக்கோவைகளுக்குள் பெரும்பாலான பாட்டுகள் அடங்கிவிடுவதால் புதிய காதுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. வேறுபாடு மெட்டின் கட்டமைப்பில் இல்லை, வாசிப்பவரின் கையில் இருக்கிறது. அதைக் காது பிரித்தறியக் கொஞ்சகாலம் பிடிக்கும். வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள் என்பது இரண்டாவது. இது உண்மையான குற்றச்சாட்டு. ஸ்வரங்களைக் கொட்டித் தீர்க்கும் இளைஞர்கள் எந்தத் தலைமுறையிலும் உண்டு. மன்றோவே மின்னல் வேகத்தில் வாசிக்கக்கூடியவர்தான். ஆனாலும் அவருடைய மெதுவான மூன்றெண்ணிக்கைப் பாட்டுகள்தான் மனத்தில் தங்குகின்றன.

மரபா, மாற்றமா என்ற சண்டை ரசிகர்களுக்குள் ஓயாமல் நடக்கிறது. 1971இல் மேண்டலின் கலைஞர் சாம் புஷ் முதலியோர் தொடங்கிய ‘நியூ கிராஸ் ரிவைவல்’ குழு, நீண்ட தலைமுடியோடும் ராக் இசையின் தாளத்தோடும் வந்து பழையவர்களைத் திடுக்கிட வைத்தது. அடுத்த ஆண்டில் ‘நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்’ என்ற கலிஃபோர்னிய இளைஞர்கள் ஸ்க்ரக்ஸ் உள்ளிட்ட மூத்தவர்களோடு சேர்ந்து வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு இரு தலைமுறைகளை ஓரிடத்தில் உட்கார வைத்தது. மன்றோ மட்டும் அழைப்பை ஏற்கவில்லை. தூய்மைவாதிகள் மறப்பது ஒன்று உண்டு. புளூஸையும் ஜாஸின் தனி வாசிப்பு முறையையும் தேவாலயப் பாட்டையும் ஃபிடில் மெட்டோடு கலந்துதான் மன்றோ தம் இசையைச் செய்தார். கலப்பை எதிர்ப்பவர் மூலவரையே எதிர்க்கிறார். அதேசமயம் புதுமைக்காரர்கள் பலரிடம் வாத்தியம் பெருகிப் பாட்டு சுருங்கிவிட்டதும் உண்மை. இரண்டையும் சமன் செய்தவர்களில் முதலிடம் அலிசன் கிராஸுக்கு. ஃபிடில் வாசிக்கும் சிறுமியாக அறிமுகமாகி, 27 கிராமி விருதுகள் பெற்றவர். இறுகிய உச்சக்குரலின் இடத்தில் மெல்லிய மூச்சுக்குரலை வைத்தும் அந்தத் தனிமையைக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர். இன்று அரங்குகளை நிரப்பும் பில்லி ஸ்டிரிங்ஸ் இன்னொரு சான்று. 2021இல் சிறந்த புளூகிராஸ் தொகுப்புக்கான கிராமியைப் பெற்ற அவர் மேடையில் ராக் கலைஞரின் வேகத்தோடு நின்றாலும், மன்றோவின் பாட்டை எடுத்தால் வரி பிசகாமல் பாடுவார்.

நெடுநாள் பேசப்படாத ஒன்று இப்போது பேசப்படுகிறது. பேஞ்சோ வெள்ளையரின் கருவியே அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், தங்கள் நாட்டு வாத்தியத்தின் நினைவில், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவியின் வழித்தோன்றல் அது. அந்தக் குட்டைச் சுருதித் தந்தியும் அங்கிருந்து வந்ததுதான். பேஞ்சோவும் புளூஸும் கொடுத்தவர்கள் மேடையிலும் அரங்கிலும் காணாமல் போனது எப்படி என்று பேஞ்சோ கலைஞர் ரியானன் கிடென்ஸ் 2017இல் பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் முதன்மை உரையாற்றியபோது கேட்டார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களும், கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று தட்டுகளைப் பிரித்து விற்ற நிறுவனங்களும் அதற்குப் பொறுப்பு. 2020இல் அந்தச் சங்கத்தின் அறக்கட்டளை ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் பெயரில் ஒரு நிதியம் தொடங்கியது. மிகத் தாமதம், ஆனாலும் செய்ய வேண்டிய காரியம்.

அமெரிக்காவுக்கு வெளியே செக் நாட்டிலும் ஜப்பானிலும் இதற்கு ஆழ்ந்த ரசிகர் கூட்டம் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் பேஞ்சோ விற்பனைக்கே கிடைக்காத காலத்தில் படத்தைப் பார்த்துத் தாமே செய்துகொண்டு வாசித்தார்கள். அங்கே 1973இல் தொடங்கிய விழா இன்றும் நடக்கிறது. இந்திய இசையோடும் உறவு உண்டு. டோப்ரோவை மடியில் படுக்க வைத்து எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பார்கள். மெட்டுவாய் இல்லாத சித்திரவீணையில் கட்டையை நகர்த்திக் கமகம் கொண்டுவரும் கையசைவை அறிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். டோப்ரோ மேதை ஜெரி டக்லஸ் 1990களில் மோகனவீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டோடு சேர்ந்து பதிவு செய்தார். பேஞ்சோவின் எல்லையை மிகவும் விரித்த பேலா ஃபிளெக், ஜாகிர் உசேனின் தபலாவோடும் ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலோடும் எட்கர் மேயரின் பேஸோடும் 2023இல் வெளியிட்ட தொகுப்புக்கு அடுத்த ஆண்டே கிராமி கிடைத்தது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் இந்தக் கலப்புகளிலிருந்தோ திரைப்படப் பாட்டுகளிலிருந்தோ தொடங்க வேண்டாம். மன்றோ குழுவின் 1946–47 பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று நிமிட அளவுதான். ஒரே பாட்டை மூன்று முறை கேட்கலாம். முதல் முறை மேண்டலினின் வெட்டை மட்டும், இரண்டாம் முறை பாடுபவருக்குப் பின்னால் பேஞ்சோ எங்கே ஒதுங்குகிறது என்பதை மட்டும், மூன்றாம் முறை மேலே நிற்கும் டெனர் குரலை மட்டும். அதற்குப் பிறகு ஸ்டேன்லி சகோதரர்கள், அதன்பின் 1975இல் பேஞ்சோ கலைஞர் ஜே.டி. குரோவின் குழு வெளியிட்ட தொகுப்பு, பிறகு ஹேசல் டிக்கன்ஸ், அலிசன் கிராஸ். இந்த வரிசையில் கேட்டவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் ஒலிக்காது.